குளியலறைக் குழாய்ப் பழுதுகளை நாமே பார்ப்பது: கொழும்பு வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். தொழிலால் நான் குழாய் வேலைக்காரன் அல்லன். ஆயினும் வொஷர் மாற்றுவது, கொமட் தாங்கியைச் சீர்செய்வது போன்ற சில்லறைப் பழுதுகளை நானே பார்த்துக்கொள்வதால், அயலவரும் உறவினரும் ஏதாவது ஒழுகத் தொடங்கியதும் என்னிடம்தான் முதலில் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

எந்த வேலையை நாமே செய்யலாம்? எதைப் பாஸிடம் (தொழில்முறைக் குழாய் வேலைக்காரரிடம்) விட வேண்டும்?

நான் எனக்கே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வேன். வேலை செய்யும் இடத்துக்கு முன்னால், என் கையால் முழுமையாக மூடக்கூடிய ஒரு வால்வு இருக்கிறதா? பழுதான இணைப்பு கண்ணுக்குத் தெரிகிறதா? கழற்றியது சரிவராவிட்டால் பழைய நிலையிலேயே மாட்டி, இன்று இரவைக் கடத்த முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் வந்தால் தொடங்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் பாஸை அழைப்பதே மலிவு. இந்தக் கணக்கில் டெப் வொஷர், கார்ட்ரிட்ஜ், கொமட் தாங்கியின் உள்ளுறுப்புகள், நெகிழ்குழாய், ஷவர் தலை, பேசினுக்குக் கீழுள்ள போத்தல் வடிவப் பொறி (ட்ராப்) ஆகியவை நம் பக்கத்தில் நிற்கின்றன. சுவருக்குள் ஓடும் குழாய், டைலுக்குக் கீழுள்ள கசிவு, கொமட்டை அடியோடு கழற்றுவது, பல வீடுகளுக்குப் பொதுவான செங்குத்துக் குழாய் ஆகியவை மறுபக்கத்தைச் சேர்ந்தவை.

தண்ணீரை எங்கே மூடுவது என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

அப்படியானால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அதைத்தான் தேட வேண்டும். கொழும்பு வீடுகளில் பெரும்பாலும் மூன்று இடங்களில் தண்ணீரை நிறுத்தலாம். முதலாவது, நீர் மானிக்கு அருகில் உள்ள வால்வு. இரண்டாவது, கூரைத் தாங்கியிலிருந்து கீழே இறங்கும் குழாயில் உள்ள கேட் வால்வு அல்லது போல் (பந்து) வால்வு. மூன்றாவது, பேசினுக்குக் கீழும் கொமட்டுக்குப் பக்கத்திலும் இருக்கும் அங்கிள் வால்வு. பலர் தவறுவது இங்கேதான். மானியருகே மூடிவிட்டு, தண்ணீர் நின்றுவிட்டது என்று நம்பி டெப்பைக் கழற்றுவார்கள். ஆனால் குளியலறைக்கு நீர் வருவது கூரைத் தாங்கியிலிருந்து என்பதால் 500 லீட்டரோ 1000 லீட்டரோ அவர்கள் தலைக்கு மேலே காத்திருக்கும். எனவே மூடிய பிறகு, கழற்றப்போகும் டெப்பையே திறந்து, ஓட்டம் நின்று சொட்டும் நின்றுவிட்டதா என்று பார்க்காமல் எதையும் தளர்த்தக் கூடாது.

பல ஆண்டுகள் தொடப்படாத பழைய கேட் வால்வு இறுகிப்போயிருக்கும். அதைப் பலங்கொண்டு திருகினால் உள்ளே தண்டு முறிந்து, மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் போகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எல்லா வால்வுகளையும் மூடித் திறந்து பழக்கப்படுத்துங்கள். மானிக்கு முன்னுள்ள பகுதியிலும் மானியின் முத்திரையிலும் நாம் கை வைக்கக் கூடாது. அங்கே கசிந்தால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்ல வேண்டும்.

என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?

அதிகம் வேண்டாம். நன்றாகத் திறந்து மூடும் ஷிஃப்டிங் ஸ்பேனர் ஒன்று, இரண்டு வகை ஸ்குரூ டிரைவர், த்ரெட் டேப், அரை அங்குல வொஷர்கள் சில, கையளவு டோர்ச், ஒரு வாளி, பழைய துணி ஆகியவை போதும். பைப் ரெஞ்ச் வீட்டில் இருந்தால் அதைப் பளபளக்கும் குரோம் பூச்சில் வைக்கும் ஆசை வரும். அதன் பற்கள் பூச்சைக் கிழித்துவிடும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் அந்தக் கீறலிலிருந்தே துரு தொடங்கும். பழைய சோனகத் தெருப் பக்கம் போனால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: கழற்றிய பழைய உறுப்பைக் கையோடு கொண்டுபோங்கள். “அரை அங்குலம்தான்” என்று வாயால் சொல்லி வாங்கிவந்து, பொருந்தாமல் மறுபடி பஸ் ஏறியவர்களில் நானும் ஒருவன்.

டெப்பை எவ்வளவு இறுக்கினாலும் சொட்டு நிற்கவில்லை. ஏன்?

இறுக்குவதால்தான் சொட்டு கூடுகிறது. பல சுற்றுத் திருகும் பழைய வகை டெப்புக்குள் ஒரு ரப்பர் வொஷர் இருக்கிறது. அது உள்ளேயுள்ள பித்தளை இருக்கையின்மேல் அமர்ந்து நீரை நிறுத்துகிறது. ரப்பர் காய்ந்து வெடித்தபின் நாம் கூட்டுகிற ஒவ்வொரு பலமும் அந்த வெடிப்பை ஆழமாக்கி, கடைசியில் இருக்கையிலும் பள்ளம் விழச் செய்யும். தண்ணீரை மூடி, பேசின் துளையை ஒரு துணியால் அடைத்து (சிறிய ஸ்குரூ அதற்குள் விழுவதற்கு என்றே பிறந்திருக்கிறது), கைப்பிடியைக் கழற்றி, தலைப்பகுதியைத் துணி சுற்றிய ஸ்பேனரால் இடப்பக்கம் திருகினால் வொஷர் வெளியே வரும். புதியதைப் போடும்முன் விரல் நுனியால் இருக்கையைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் புதிய வொஷர் போதும். கரடுமுரடாக இருந்தால் எத்தனை வொஷர் மாற்றினாலும் ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகும், டெப்பையே மாற்றுவது நல்லது.

கால் சுற்றில் திறக்கும் புதிய வகை டெப்பில் வொஷர் இல்லை. இரண்டு செராமிக் தட்டுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதைத் திருத்த முயலாமல் முழுமையாக மாற்ற வேண்டும். அதன் அளவும் பற்களின் எண்ணிக்கையும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் பழையது கையில் இருப்பது இங்கே இன்னும் முக்கியம்.

டெப் எதுவும் ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர்ப் பட்டியல் ஏறிக்கொண்டே போகிறது. காரணம் என்ன?

கொமட்டைப் பாருங்கள். டெப் சொட்டு காதில் விழுவதால் நம்மை உறுத்துகிறது. உண்மையில் செலவு வைப்பது சத்தமில்லாத கசிவுதான். விநாடிக்கு ஒரு சொட்டு விழும் டெப், ஒரு மில்லிலீட்டருக்கு 20 சொட்டு என்று கொண்டால், நாளொன்றுக்கு 86,400 சொட்டு, அதாவது ஏறக்குறைய 4.3 லீட்டர் இழக்கும். மாதத்துக்கு 130 லீட்டர். கொமட் தாங்கியின் அடைப்பானுக்குக் கீழே நூல் போல நிமிடத்துக்கு 200 மில்லிலீட்டர் கசிந்தால் நாளொன்றுக்கு 288 லீட்டர், மாதத்துக்கு 8,640 லீட்டர். ஓர் அலகு என்பது 1000 லீட்டர். ஆகவே யாருக்கும் பயன்படாமல் எட்டரை அலகுக்கு மேல் மலக்குழாயில் போகிறது. நம் கட்டண முறையில் பாவனை கூடக்கூட அலகின் விலையும் படிப்படியாகக் கூடுவதால், வீணாகும் அந்த அலகுகள் மேற்படியின் விலையிலேயே கணக்கிடப்படும்.

கண்டுபிடிப்பது எளிது. இரவு எல்லோரும் படுத்தபின் தாங்கியின் மூடியைத் திறந்து, உணவுக்கு நிறமூட்டும் திரவத்தில் சில துளிகளை விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாதிருக்க, கீழே கிண்ணத்து நீரில் நிறம் தெரிந்தால் அடைப்பான் கசிகிறது. நிறம் தெரியாமல், தாங்கியின் நடுவில் நிற்கும் வழிகுழாயின் வாய்க்குள் நீர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் பழுது மிதவையில். மிதவையைத் தாழ்த்தி, நீர்மட்டம் வழிகுழாயின் வாய்க்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கீழே நிற்குமாறு செய்யுங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்குரூவைத் திருப்புவதோடு வேலை முடியும். அடைப்பான் கசிந்தால் அதைக் கழற்றி, ரப்பரில் படிந்த வழுவழுப்பையும் அது அமரும் விளிம்பையும் துடைத்து மாட்டிப் பார்த்து, அதற்கும் அடங்காவிட்டால் புதிய ரப்பர் போட வேண்டும்.

கசிவு குளியலறையில்தானா என்றே சந்தேகமாக இருந்தால், கூரைத் தாங்கி நிரம்பியபின் அதற்குள் நுழையும் குழாயை மூடிவிட்டு மானியைப் பாருங்கள். மானியின் சிறு சக்கரம் அப்போதும் சுழன்றால் மானிக்கும் தாங்கிக்கும் இடையில் கசிவு. சக்கரம் நின்று, ஆனால் இரவில் குறித்துவைத்த தாங்கி நீர்மட்டம் காலையில் இறங்கியிருந்தால் கசிவு வீட்டுக்குள்.

அங்கிள் வால்வை நாமே மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் நான் கற்றுக்கொண்ட விதத்தில் கற்றுக்கொள்ள வேண்டாம். ஒரு ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, பிடெ ஷவருக்கு (கொமட்டுக்குப் பக்கத்திலுள்ள கைஷவருக்கு) போகும் அங்கிள் வால்வு லேசாகக் கசிகிறது என்று அதைச் சற்று இறுக்கினேன். விலை குறைந்த நாகக் (துத்தநாகக்) கலவையில் செய்து மேலே குரோம் பூசிய வால்வு அது. உடல் என் கையோடு வர, மறை (திருகுப் புரியுள்ள பகுதி) மட்டும் சுவருக்குள் தங்கிவிட்டது. மொட்டைமாடிக்கு ஓடித் தாங்கி வால்வை மூடுவதற்குள் தண்ணீர் கூடம்வரை வந்துவிட்டது. கீழ் வீட்டு அக்கா கதவைத் தட்டியபோது நானும் மனைவியும் தும்புத்தடியும் கையுமாக நின்றோம். அன்று மானம் போனதற்குப் பிறகு இரண்டு வழக்கங்களைக் கைவிடவில்லை: தண்ணீரை மேலே மூடாமல் சுவரில் இருக்கும் எதையும் திருகுவதில்லை, பித்தளை வால்வைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை. கையில் எடுத்தவுடன் கனம் தெரியும்.

த்ரெட் டேப் சுற்றும் திசையும் முக்கியம். மறை உங்களை நோக்கி இருக்க, கடிகார முள் செல்லும் திசையில் இறுக்கமாகச் சுற்ற வேண்டும்; எதிராகச் சுற்றினால் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். சந்தையில் கிடைக்கும் மெல்லிய டேப்பானால் உலோக மறைக்கு 8 முதல் 12 சுற்று போடலாம். நெகிழ்குழாயின் நட்டுக்கு டேப் வேண்டாம். அதற்குள் இருக்கும் ரப்பர் வொஷரே நீரை நிறுத்துகிறது, கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்றுப் போதும்.

வெடித்த பிவிசி குழாயை ஒட்டிவிடலாமா?

வெடிப்பின்மேல் பசை தடவுவது, டேப் சுற்றுவது ஆகியவை அழுத்தமுள்ள குழாயில் நிலைக்காது. வெடித்த துண்டை நேராக அறுத்தெடுத்து, இரண்டு சொக்கட்டுகளோடு (குழாய்களை இணைக்கும் உறைகளோடு) புதிய துண்டை இணைக்க வேண்டும். அறுத்த விளிம்பின் பிசிறைச் சீவி, இரு பக்கத்தையும் துடைத்து, பிவிசி பசையைக் குழாயின் வெளியிலும் சொக்கட்டின் உள்ளேயும் மெல்லியதாகத் தடவி, உள்ளே செருகிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். ஈரமாக இருந்தால் ஒட்டாது; தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்போது அவசரப்பட்டு ஒட்டுவதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். தகரத்தில் எழுதியிருக்கும் காத்திருப்பு நேரத்தை மதியுங்கள். நான் மாலையில் ஒட்டினால் காலையில்தான் தண்ணீர் திறப்பேன்.

குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்குகிறது. அடைப்பு நீக்கும் மருந்து ஊற்றினால் போதுமா?

முதலில் கையுறை போட்டுக்கொண்டு தரைச் சல்லடையைத் தூக்கிப் பாருங்கள். எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்கும் சீயாக்காயும் முடியும் சேர்ந்து ஒரு கட்டியாகும். அதை எந்த மருந்தும் கரைப்பதைவிட வளைத்த கம்பி ஒன்று எளிதாக வெளியே இழுக்கும். பேசின் அடைப்பும் இப்படியே. கீழே வாளியை வைத்து, பொறியின் அடிக்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவலாம். கழுவிய அழுக்குநீரை அதே பேசினில் ஊற்றிவிட்டு, கீழே குழாய் இல்லை என்பதைக் கால் நனைந்தபின் உணர்ந்தவர்கள் பலர். உறிஞ்சும் ரப்பர்க் கிண்ணத்தைப் பயன்படுத்தும்போது பேசினின் மேல்துளையை ஈரத்துணியால் அடைத்தால்தான் அழுத்தம் உருவாகும்.

கொதிநீர் ஊற்றாதீர்கள், பிவிசி குழாய் அந்தச் சூட்டில் இளகும், கொமட் வெடிக்கவும் கூடும். கழிவறை சுத்தமாக்கும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதோடு வெளிறச் செய்யும் குளோரின் திரவத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு எழும். சாளரம் சிறிதாக உள்ள குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றை ஊற்றியது பலிக்கவில்லை என்று மற்றொன்றை ஊற்றுவதுதான் வழக்கமாக நடப்பது, ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். மருந்து ஊற்றிய அடைப்புக்குப் பாஸை அழைத்தால், உள்ளே என்ன ஊற்றினீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். மலக்குழி உள்ள புறநகர் வீடுகளில் இந்தத் திரவங்கள் குழியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் கொல்லும்.

ஊருக்குப் போய் வந்தால் குளியலறையில் சாக்கடை நாற்றம் வருகிறதே?

பழுதில்லை. தரைத் துளைக்குக் கீழே வளைந்த பொறியில் சில அங்குல நீர் நின்று, கழிவுக்குழாயின் வாயுவை மறிக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் இருந்துவிட்டு வந்தால் அந்த நீர் வற்றியிருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சரி. புறப்படும்முன் நீர் ஊற்றி மேலே இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுச் சென்றால் வற்றுவது தாமதமாகும். தண்ணீர் ஊற்றியும் நாற்றம் நீடித்தால் பொறியே வைக்கப்படவில்லை என்று பொருள். அது பாஸின் வேலை.

ஷவரில் தண்ணீர் மெலிந்து வருகிறது. பம்ப் பூட்ட வேண்டுமா?

அதற்குமுன் ஷவர் தலையைக் கழற்றிப் பாருங்கள். கழற்றிய குழாயில் நீர் வேகமாக வந்தால் பழுது தலையில்தான்: வினாகிரியில் சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் துளைகள் திறக்கும். களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு வரும் நீரில் சுண்ணாம்பு அதிகமில்லை. ஆகவே கொழும்பில் துளைகளை அடைப்பது பெரும்பாலும் பழைய இரும்புக் குழாயின் துருவும் தாங்கியின் அடிச்சேறும்தான், கிணற்று நீர் பாவிப்போருக்கு இது வேறாக இருக்கும்.

கழற்றிய பின்னும் மெலிவாக வந்தால் உயரக் கணக்கைப் போடுங்கள். பத்து மீற்றர் உயரம் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். தாங்கியின் நீர்மட்டம் உங்கள் ஷவருக்கு மூன்று மீற்றர் மேலே இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. மேல்மாடிக்காரருக்கு எப்போதும் அழுத்தம் குறைவாகவும் கீழ்மாடிக்காரருக்குக் கூடுதலாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். பம்ப் பூட்டுவதாயின் அதைத் தாங்கிக்குப் பின் பூட்ட வேண்டும். வீதிக் குழாயிலிருந்து வரும் இணைப்பில் நேரடியாகப் பூட்டக் கூடாது, அது அயலவரின் நீரையும் உறிஞ்சிவிடும்.

சுடுநீர் ஹீட்டரை நாமே திறந்து பார்க்கலாமா?

கூடாது. பிரேக்கரை இறக்கியபின் நீர் நுழையும் இடத்துச் சல்லடையைக் கழுவுவதோடு நம் எல்லை முடிகிறது. குளிக்கும்போது சிறிதளவேனும் மின் அதிர்வு தெரிந்தால் உடனே பிரதான சுவிட்சை இறக்கி, தகுதியுள்ள வயர்மனை அழையுங்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதை ஓரங்கட்டிவிடுபவர்களையும் நான் கண்டிருக்கிறேன்; அது விழுவது உங்களைக் காப்பதற்காக.

கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் வருகிறது, எங்கள் குளியலறைதான் காரணம் என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

டைலை உடைப்பதற்கு முன் இரண்டு நாட்கள் பொறுமையாகப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். ஈரம் இரவும் பகலும் ஒரே அளவாக இருந்தால், எப்போதும் அழுத்தத்தில் நிற்கும் நீர்க்குழாயைச் சந்தேகிக்க வேண்டும்; தாங்கி வால்வை ஓர் இரவு மூடிவைத்து, காலையில் ஈரம் குறைகிறதா என்று கீழ்வீட்டாரிடம் கேளுங்கள். குளித்த சிறிது நேரத்தில் மட்டும் கூடினால் தரையையோ கழிவுக் குழாயையோ சந்தேகிக்கலாம். இந்த இரண்டையும் பிரிக்க, ஒரு நாள் வாளியிலிருந்து நேராகக் கழிவுத் துளைக்குள் மட்டும் நீர் ஊற்றுங்கள், தரை நனையக் கூடாது. ஈரம் வந்தால் கழிவுக் குழாய். வராவிட்டால் மறுநாள் துளையை அடைத்து, தரையில் ஓர் அங்குல நீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். இப்போது வந்தால் டைல் இடுக்கின் பூச்சோ அதற்குக் கீழுள்ள நீர்க்காப்புப் படையோ பழுது. கொமட்டைப் பயன்படுத்தியபின் மட்டும் வந்தால் அதன் அடி இணைப்பு. இந்த முடிவுகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிவைத்துப் பாஸிடம் கொடுத்தால் அவர் உடைக்கும் டைல்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

கசிவு பொதுக் குழாயில் என்று தெரிந்தால் அது தனி ஒருவரின் செலவு அல்ல. தொடர்மாடியின் நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கும் தீராத பிணக்குகளுக்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. எதுவாயினும் கீழ்வீட்டாரோடு முதல் நாளே நேரில் பேசுங்கள்.

பாஸை அழைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கூலி நாட்கணக்கா வேலைக்கணக்கா, பொருளை யார் வாங்குவது, உடைத்த டைலைத் திரும்பப் பதிப்பது அவர் பொறுப்பா என்பவற்றைத் தொடங்கும்முன் பேசி முடியுங்கள். பாஸ்மாரில் பலர் சிங்களம் மட்டும் பேசுபவர்கள் என்று தயங்குவோர் உண்டு. எல்போ, சொக்கட், யூனியன், வொஷர் என்ற சொற்களுக்கு மொழிவேறுபாடு இல்லை, கையால் காட்டினால் மீதி புரிந்துவிடும். சுவரை மூடும்முன் குழாய் ஓடும் வழியை, அளவு நாடாவை அருகில் பிடித்து, தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். பின்னொரு நாள் கண்ணாடி மாட்டத் துளையிடும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும்.

சிறிய கசிவுதானே, வாளி வைத்துச் சமாளிக்கக் கூடாதா?

கொழும்பில் கூடாது. தேங்கிய தெளிந்த நீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் புதிய நுளம்பு பறக்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடைச் சட்டத்தின்படி, குடம்பி காணப்படும் இடத்தின் உரிமையாளர்மீது வழக்குத் தொடரலாம். வேறு வழியில்லாமல் வாளி வைத்தால் தினமும் ஊற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

வேலை முடிந்தபின் எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும்?

வால்வை ஒரேயடியாகத் திறக்காமல் சிறிது சிறிதாகத் திறந்து, குழாயில் சிக்கிய காற்றுப் போகவிடுங்கள். பிறகு இணைப்புகளை நன்றாகத் துடைத்து, காய்ந்த டிஷ்யூத் தாளை ஒவ்வொன்றின்மேலும் சுற்றிவிடுங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும். பதினைந்து நிமிடம் கழித்து ஒரு முறை, படுக்கப் போகும்முன் ஒரு முறை, காலையில் ஒரு முறை பாருங்கள். இரவில் பாவனை குறைந்து, தாங்கியும் நிரம்பி நிற்பதால் குழாயில் அழுத்தம் கூடும். மாலையில் காய்ந்திருந்த இணைப்பு விடியலில் நனைந்திருப்பது அதனால்தான். தாள் மறுநாள் காலையிலும் காய்ந்தே இருப்பதைப் பார்க்கும்வரை வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போக வேண்டாம்.